பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரை நாள் ஒதுக்குங்க!

வண்டி வாங்கலாமா? - வாரம் ஒரு கேள்வி

தாளவாடி மலைப்பகுதியிலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். காய்கறி விவசாயக் குடும்பம். மழைக்காலத்தில் தோட்டத்து மண் பாதையில் சாதாரண வண்டி ஏறுவதில்லை. அதனால் வீட்டுக்காரர் 2012 மாடல் மஹிந்திரா தார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்டப்போகிறார்கள். வாங்கிய பிறகு வண்டி பட்டறையிலேயே நின்றுவிட்டால் வண்டியும் உதவாது, நகையையும் மீட்க முடியாது என்பது அவருடைய பயம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான பயம். பழைய ஆல்ட்டோ வாங்குவதும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குவதும் ஒன்றல்ல. இதில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிஃபரன்ஷியல், இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட். கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் அதிகம், செலவும் அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஓனர் பெரும்பாலும் இரண்டில் ஒரு ரகமாக இருப்பார். ஒருவர், பத்து வருடமும் நகரத்திலேயே ஓட்டி, ஃபோர் வீல் லீவரைத் தொட்டே பார்க்காதவர். அந்த வண்டியில் லீவரும் மோட்டாரும் இறுகிப்போயிருக்கலாம். இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆற்றிலும் சேற்றிலும் இறக்கி விளையாடியவர். அங்கே எல்லாம் வேலை செய்யும், ஆனால் தேய்ந்திருக்கும். நீங்கள் பார்க்கப்போவது இந்த இரண்டில் எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

முதலில், அது நிஜமாகவே ஃபோர் வீல் டிரைவா?

சிரிக்காதீர்கள். இது முக்கியமான கேள்வி. பெயரை வைத்தோ, பின்னால் ஒட்டியிருக்கும் 4×4 ஸ்டிக்கரை வைத்தோ முடிவு செய்ய முடியாது. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும்.

2010-ல் வந்த பழைய தாரில் டி.ஐ. இன்ஜின் வண்டி டூ வீல் டிரைவாகவும் விற்கப்பட்டது. சி.ஆர்.டி.இ. இன்ஜின் வண்டிதான் ஃபோர் வீல் டிரைவாக மட்டும் வந்தது. 2020-ல் வந்த புதிய தாரிலும் 2023 தொடக்கத்திலிருந்து பின் சக்கரம் மட்டும் இயங்கும் மாடல் இருக்கிறது. ஸ்கார்பியோ, பொலேரோ, டாடா சஃபாரி ஆகியவற்றில் சாலையில் ஓடும் பெரும்பாலானவை டூ வீல் டிரைவ்தான். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எண்டெவரிலும், டொயோட்டா ஃபார்ச்சூனரிலும் இரண்டு வகையும் உண்டு.

எனவே ஆர்.சி.யில் மாடல் பெயர் முழுவதும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன் சக்கர அச்சுக்கு ஒரு இரும்புத் தண்டு போகிறதா என்று பாருங்கள். அதுதான் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட். சத்தம் வருகிறது, டீசல் அதிகம் குடிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். லீவர் நகரும், விளக்குகூட எரியும். சேற்றில் மாட்டும்போதுதான் உண்மை தெரியும்.

தனியாகப் போகாதீர்கள்

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை, முடிந்தால் ஜீப் வேலை பார்த்தவரை, கூலி கொடுத்தே அழைத்துப் போங்கள். விற்பவரோ புரோக்கரோ சொல்லும் மெக்கானிக் வேண்டாம். கையில் ஒரு டார்ச், பழைய துணி, தரையில் விரிக்க ஒரு சாக்கு, ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்து நனைந்திருக்கும் வண்டியில் பெயின்ட் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்

போவதற்கு முன்பே, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் டீசல் இன்ஜினின் குறையை மறைக்க இதுதான் சுலபமான வழி.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் படலமோ, காவி நிறமோ தெரிந்தால் கவனம். இன்ஜின் ஆயில் மூடியின் அடிப்பக்கம் பால் கலந்த காபி போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பாயும்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் இன்ஜெக்டரோ ஹெட் கேஸ்கெட்டோ பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்புப் புகை பழைய டீசலில் சகஜம், கரியாகக் கொட்டினால் சகஜமல்ல. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். புஸ் புஸ் என்று பலமாகப் புகை தள்ளினால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். இன்ஜின் வேலை என்பது சின்னச் செலவு இல்லை.

முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது சேஸிஸ்

இந்த ரக வண்டிகளில் பெரும்பாலானவை ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருப்பவை. பாடியில் துரு இருந்தால் டிங்கரிங் செய்துகொள்ளலாம். சேஸிஸ் துருப்பிடித்து உளுத்துப்போனால் வண்டியே முடிந்தது. அதனால் பளபளக்கும் பெயின்டை விட அடிப்பாகம்தான் முக்கியம்.

சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, முன்னிருந்து பின்வரை பாருங்கள். ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் அங்கங்கே தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மொத்தென்று சத்தம் கொடுக்கும். பின் சக்கரங்களுக்கு மேலே சட்டம் வளையும் இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பாடி உட்காரும் ரப்பர்கள் ஆகியவற்றில் சேறு தங்கி முதலில் துரு ஏறும். சென்னை, ராமநாதபுரம், தூத்துக்குடி எனக் கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

பழைய வண்டியின் அடியில் மட்டும் புத்தம் புதிய கறுப்பு பெயின்ட் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேஸிஸில் கம்பெனி வெல்டிங் சீராக இருக்கும். கோணல்மாணலாக வெல்டிங் தெரிந்தால் விபத்தோ, விரிசலோ நடந்திருக்கிறது. சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணுடன் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் உரசிய தடமோ, எழுத்துகளில் உயர வித்தியாசமோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஃபோர் வீலைச் சோதிப்பது எப்படி?

வழக்கமாக 2எச், 4எச், 4எல் என மூன்று நிலை இருக்கும். 2எச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும். 4எச் என்றால் நான்கும். 4எல் என்றால் நான்கு சக்கரமும், வேகம் மிகக் குறைவாக, இழுவை மிக அதிகமாக. சில வண்டிகளில் லீவர், சில வண்டிகளில் திருகும் சுவிட்ச்.

இதைக் காய்ந்த தார் ரோட்டில் சோதிக்கக் கூடாது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடச் சற்று அதிக தூரம் ஓடும். தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் அது முடியாமல், அந்த முறுக்கெல்லாம் கியரிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும். விற்பவரே தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வேகமாக ஓட்டிக் காட்டினால், இத்தனை வருடம் அவர் அப்படித்தான் ஓட்டியிருப்பார் என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் போல எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் இருப்பதால் அவை தார் ரோட்டுக்கு ஏற்றவை. அங்கே நடு லாக்கைத்தான் மண்ணில் சோதிக்க வேண்டும்.

ஒரு காலி மண் மைதானத்துக்குப் போங்கள். 4எச் போட்டு, மெதுவாக, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடியுங்கள். ஸ்டீயரிங் இறுகுவதும், யாரோ லேசாக பிரேக் பிடிப்பது போல வண்டி தயங்குவதும் தெரிய வேண்டும். 2எச் போட்டு ஓட்டுவதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் முன் சக்கரங்களுக்குச் சக்தி போகவில்லை.

பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 4எல் போடுங்கள். முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஆமை போல, ஆனால் நிற்காமல் ஊர வேண்டும். ஐந்தாறு முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கரகரவென்று அரைக்கும் சத்தம், போட்ட நிலையிலிருந்து தானாக நழுவுவது, டேஷ்போர்டு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பது மூன்றும் நோயின் அறிகுறிகள். சுவிட்ச் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் இருக்கும் சின்ன மோட்டார் பழுதாகியிருக்கலாம்.

சந்தேகம் தீரவில்லையா? மெக்கானிக்கிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். 2எச்-சில் அந்தச் சக்கரம் கையால் சுற்றும். ஃபோர் வீல் முழுதாக விழுந்திருந்தால் சுற்றாது, பூட்டிக்கொள்ளும். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் சக்கரத்தின் நடுவே கையால் திருகும் ஹப் லாக் இருந்தால், அதையும் போட்ட பிறகே பார்க்க வேண்டும். ஜாக்கியில் இருக்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது.

மண்ணில் இருக்கும்போதே, 2எச்-சில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து மெல்ல ஓட்டுங்கள். டக் டக் டக் என்று முன் சக்கரத்திலிருந்து சத்தம் வந்தால் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது அடியில் டங் என்று இடித்தால் ஷாஃப்ட் கிராஸ்களைப் பார்க்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் ஆயில் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பால் நிறம் என்றால் ஆற்றில் இறங்கியபோது தண்ணீர் போயிருக்கிறது. விரலில் இரும்புத் துகள் மின்னினால் உள்ளே பற்கள் தேய்கின்றன. இரண்டே நிமிட வேலைதான். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஓனரிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டயர் சொல்லும் கதை

நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று ஓடிய ஃபோர் வீல் வண்டியில், நான் மேலே சொன்ன முறுக்கு நேர் ரோட்டிலும் ஏறியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், பத்து வருட டயரில் குடும்பத்தோடு மலை இறங்க வேண்டாம்.

ரோட்டில் ஓட்டும்போது

சமதளத்தில் 60 முதல் 80 கி.மீ. வேகம்வரை போங்கள். ஸ்டீயரிங் உதறினால் வீல் பேலன்ஸோடு போகலாம், கிங் பின் பேரிங்வரையும் போகலாம். ஜிப்ஸியில் இது குறிப்பாகப் பார்க்க வேண்டியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு ஊளை, விடும்போது வேறு ஊளை என்று பின்பக்கம் கேட்டால் டிஃபரன்ஷியலைச் சந்தேகப்படுங்கள். காலியான இடத்தில் ஒருமுறை அழுத்தி பிரேக் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்திப் பாருங்கள்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரில் 60,000 என்று இருக்க, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். பெடல் பொய் சொல்லாது.

வெள்ளத்தில் நனைந்த வண்டியா?

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டின் கீழ் இருக்கும் கம்பிகளில் துரு பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி. வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால், அதை அணைத்து, கண்ணாடியை ஏற்றி ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை தானாக வரும்.

பேப்பர்தான் கடைசிச் சோதனை

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எதுவரை, கடன் இருக்கிறதா என்பது தெரியும். டியூ முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும், படிவம் 35-ம் வேண்டும். நிலுவையில் இருக்கும் இ-சலானையும் பாருங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான். 2012 வண்டி என்றால் 2027-ல் முடிகிறது. அதன் பிறகு ஆய்வில் தேறினால் ஐந்து வருடத்துக்கு நீட்டிப்பார்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய், தமிழகத்தின் பசுமை வரி தனி. இந்தச் செலவு யார் தலையில் விழப்போகிறது என்பதை விலையிலேயே பேசிவிடுங்கள்.

டெல்லி வண்டி மலிவாக இருக்கிறதே என்று கேட்கிறார்கள். தலைநகர் வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதிலிருந்தே அங்கிருந்து வண்டிகள் இந்தப் பக்கம் வருகின்றன. அந்த விலையோடு, அந்த மாநில என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் லாபம் கரைந்துவிடும்.

பெரிய டயர், உயரம் ஏற்றிய சஸ்பென்ஷன், முன்னால் இரும்பு பம்பர் எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் செய்த வண்டிக்கு எஃப்.சி.யில் சிக்கல் வரும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். இரும்பு பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017-லேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றிய ஒரிஜினல் பாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாங்கியதும் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

எதற்கு விலை குறைக்கலாம், எதற்குத் திரும்பி வரலாம்?

டயர், பேட்டரி, கிளட்ச், சி.வி. ஜாயின்ட், லேசான ஆயில் லீக், பாடி துரு ஆகியவை காசு கொடுத்தால் சரியாகும். மெக்கானிக்கிடம் கணக்குப் போட்டு அந்தத் தொகையை விலையில் குறையுங்கள். சேஸிஸ் துரு, சேஸிஸ் வெல்டிங், எண் வித்தியாசம், வெள்ளத்தில் மூழ்கிய அடையாளம், தீராத கடன் ஆகியவற்றுக்கு எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், கையில் உள்ள மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். எல்லா ஆயிலும் ஃபில்டரும் பெல்ட்டும் மாற்றவும், முதல் மழைக்காலத்தில் வெளியே வரும் குறைகளைப் பார்க்கவும் அது தேவைப்படும். அடகுக் கடைக்கு வட்டி கட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பட்டறைச் செலவுக்காக இரண்டாவது முறை கடன் வாங்கினால் கணக்கு கைமீறிவிடும்.

இன்னொருவர் அட்வான்ஸோடு வந்துகொண்டிருக்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டும். அவர் வாங்கிக்கொண்டு போகட்டும். பழைய ஜீப்புக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

(அடுத்த வாரம்: பழைய டிராக்டருக்குக் கடன் கிடைக்குமா? உங்கள் கேள்விகளை அனுப்புங்கள்.)